மருந்து ஒத்துக்குதா?

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நாக்பூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் மைனாவதி. தலையில் கம்பித் தொப்பி, மூக்கில் ரப்பர் குழாய், மடியில் எவர்சில்வர் பேசின். பெரியவரின் உடம்பு மேலிருந்து உறிஞ்சிய காற்றைக் குழாய் அவள் மூக்கில் கொண்டுவந்து விட்டது. மைனாவதியின் முகம் கோணியது. கண்ணில் நீர் கட்டியது. அடிவயிற்றிலிருந்து ஓங்கரித்து, காலையில் தின்ற பொரியையெல்லாம் பேசினில் கொட்டினாள்.

சுவரிலிருந்த மானிட்டரில் பெரியவரின் நோய்க்கு ஒரு பெயர் வந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

ஒரு பொம்பளை வாந்தியெடுப்பதைப் பார்த்துப் படித்தவர்கள் கைதட்டுகிற இடம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். டாக்டர் ரூபாவதிக்கு ஆரம்பத்தில் இது என்னவோ போலிருந்தது. பிறகு பழகிவிட்டது. மனுஷர்களுக்கு எதுதான் பழகாது? இன்றைக்கு அவளும் தட்டினாள், தட்டிவிட்டு உள்ளே போய் மைனாவதியின் வாயைத் துடைத்துவிட்டாள்.

கோயம்புத்தூரைத் தாண்டிப் பாலக்காட்டு ரோட்டில் இருக்கிறது அந்த அரும்பிணி மையம். ஊரெல்லாம் சுற்றி, எந்த டாக்டராலும் என்னவென்று சொல்ல முடியாத வியாதிக்காரர்கள் கடைசியாக வந்து சேருகிற இடம். அங்கே இருக்கும் கருவிக்கு வேலை செய்பவர்கள் வைத்த பெயர் மோப்பம். ஒவ்வொரு வியாதிக்கும் ஒரு வாசம் உண்டு, அதை வைத்தே வியாதியைப் பிடித்துவிடலாம் என்று கட்டிய கருவி. கட்டிய பிறகுதான் அது பாதிக் கருவி என்று தெரிந்தது. மீதிப் பாதி காங்கயத்தில், ஒரு தேங்காய்க் களத்தில் கொப்பரை காயப்போட்டுக்கொண்டிருந்தது.

அந்த மீதிப் பாதிதான் மைனாவதி. ஒரு காய்ச்சல் வந்து அவளுக்கு வாசமே தெரியாமல் போயிற்று. திரும்பி வந்தபோது கோணலாக வந்தது. காப்பி சாக்கடையாக நாறியது. வெங்காயம் வதக்கினால் மயிர் கருகுகிற வீச்சம். இதுமாதிரி நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. ஆனால் இவளுக்கு மனுஷ உடம்புகளும் நாறின, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக. ஆஸ்பத்திரி நர்ஸிடம் "உங்க மேல ஊசிப்போன மாவு வாசம் வருதுங்க" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவைத்தாள். நர்ஸ் கோபித்துக்கொண்டாள். கொஞ்ச காலம் கழித்து அந்த நர்ஸுக்குச் சிறுநீரகத்தில் வியாதி என்று தெரிந்தது. செய்தி மையத்தின் காதுக்கு எட்டியது. "வாங்கம்மா, நாங்க குணப்படுத்தறோம்" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"எப்பங்க எனக்குச் சரியாகும்?" என்று மைனாவதி கேட்டாள். ஒவ்வொரு தடவை துடைத்துவிடும்போதும் கேட்பாள்.

"ஆயிடும்ங்க. மூக்குல சொட்டு விட்டுக்கிட்டுத்தானே இருக்கோம்."

"சோறு திங்காட்டிப் பரவால்லீங்க. பொரியத் தின்னே இருந்துக்குவேன். என்ற புள்ளையத் தூக்கோணும், அவ்வளவுதானுங்க. பக்கத்துல வந்தாலே செத்த எலி மாதிரி வருதுங்க. பெத்த புள்ளைங்க."

ரூபாவதி அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். அந்தப் பிள்ளைக்கு ஆறு வயது, பெயர் நிலானி. ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பா சென்னியப்பனோடு வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த டான்ஸை ஆடிக்காட்டிவிட்டுப் போகும்.

பிறத்தியார் கஷ்டத்தைப் பார்த்துக் கண் கலங்குகிறவள்தான் ரூபாவதி. அதில் பொய் இல்லை. ஆனால் அவளுக்கும் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. அவள் தம்பி சித்தரஞ்சன் உடுமலையில் வாலிபால் கோச்சாக இருந்தவன், ஆறடி ஆள். இப்போது வெயில் தாழ்ந்ததும் கை கால் விறைத்துக்கொள்கிறது, உள்ளங்காலில் நீர்க்கொப்புளம் எழும்புகிறது, சிறுநீர் கரும்பழுப்பாகப் போகிறது. நரம்பு என்றார் ஒரு டாக்டர். மனசு என்றார் இன்னொருவர். சொந்தக்காரர்கள் தாயத்துக் கட்டினார்கள். அவன் இளைத்துக்கொண்டே போனான், கடைசியாகப் பார்த்த டாக்டர் ரூபாவதியைத் தனியாகக் கூப்பிட்டு, என்னவென்று தெரியாமலேயே இவன் போய்விடுவான் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் அவள் இயக்குநர் பரந்தாமனிடம் நடையாக நடந்து, கெஞ்சி, தம்பிக்கு மோப்பத்தின் முன்னால் உட்கார ஒரு முறை வாங்கினாள். வருகிற வியாழக்கிழமை.

இப்படியிருக்கும்போதுதான் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு டீச்சர் வந்து சேர்ந்தாள். வந்தது வேறு எதற்கோ. பேச்சுவாக்கில் தனக்கும் இந்தக் காய்ச்சல் வந்ததாகவும், மூக்கு இதே மாதிரி கோணிக்கொண்டதாகவும் சொன்னாள். "என்ன வைத்தியம் பண்ணிக்கிட்டீங்க?" என்று ரூபாவதி ஆவலாகக் கேட்டாள். "ஒண்ணும் பண்ணலீங்க. கொஞ்சங் கொஞ்சமாத் தானாச் சரியாப் போச்சுங்க" என்று டீச்சர் சிரித்தாள்.

ரூபாவதி நேரே இயக்குநர் அறைக்குப் போனாள். பரந்தாமன் மதியச் சாப்பாட்டில் இருந்தார். மனுஷனுக்கு நல்லி எலும்பென்றால் உயிர். தட்டின் விளிம்பில் எலும்பைத் தட்டித் தட்டி, உள்ளேயிருக்கிற மஜ்ஜையை உறிஞ்சிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லி முழங்கையால் ஜாடை காட்டினார்.

அவள் டீச்சர் கதையைச் சொன்னாள். "அவங்களுக்குத் தானாவே சரியாயிருக்கு சார். நாம மைனாவதிக்கு இத்தனை நாளா சொட்டு விடறோம். துளிகூடக் குறையலையே?"

"குறையாது."

"ஏன் சார்?"

"சொட்டு விடறோமே, அதனாலதான்."

அவளுக்குப் புரியவில்லை. பரந்தாமன் ஒரு பிள்ளைக்குச் சொல்லுகிற பொறுமையோடு சொன்னார். "காய்ச்சல்ல மூக்கு நரம்பு அறுந்துபோகுது. திரும்ப வளரும்போது தப்புத் தப்பா ஒட்டிக்குது. அப்படியே விட்டா, நாளாவட்டத்துல தானே சரியா ஒட்டிக்கும். அந்த டீச்சருக்கு ஒட்டிக்கிட்ட மாதிரி. நம்ம சொட்டு அதை ஒட்டவிடாது. கோணலைக் கோணலாவே நிறுத்தி வைக்கும்."

"அப்ப அது மருந்தே இல்லையா?"

"யாருக்குன்னு பாருங்க ரூபா. அந்த நாக்பூர்க்காரருக்கு மருந்துதான்." உறிஞ்சினார். உதட்டோரம் நெய் வழிந்தது. "மோப்பம் எல்லா வாசனையையும் பிரிச்சுடும். ஆனா எது கெட்டதுன்னு அதுக்குத் தெரியாது. குமட்டினாத்தானே தெரியும்? மெஷினுக்குக் குமட்டாது. குமட்டறதுக்கு ஒரு ஆள் வேணும்."

ரூபாவதியின் வாயில் எச்சில் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுமே அந்த எச்சில். "அவங்க இதுக்குச் சம்மதிச்சாங்களா?"

பரந்தாமன் சிரித்துவிட்டார். கையிலிருந்த எலும்பை அவளை நோக்கி நீட்டினார். "நீங்கதானே வாரா வாரம் வாங்கித் தர்றீங்க."

"நானா?"

"கதவுக்கு மேல ஒரு பெட்டி இருக்கே, பச்சை லைட்டு எரியுமே, அது என்னன்னு நினைச்சீங்க?"

"மைக் வேலை செய்யுதுன்னு காட்டறது."

"சம்மதப் பெட்டி. சோதனை மருந்து கொடுத்தா வாரா வாரம் அவங்க வாயால சம்மதம் சொல்லணும், அது பதிவாகணும். சட்டம். பெட்டி வெளிநாட்டுச் சரக்கு. தமிழ் பிற்பாடு கத்துக்கொடுத்தது. முதல் நாள் நானே போய், இந்தச் சோதனைக்கு ஒத்துக்கறீங்களாம்மான்னு முறையாக் கேட்டேன். எங்க வீட்டுக்காரரைக் கேட்டுப்போட்டுச் சொல்றேனுங்கன்னுச்சு. பெட்டியில சிவப்பு. அன்னைக்கு வெறும் உப்புத்தண்ணிதான் மூக்குல விட்டோம். மறுநாள் நீங்க ரவுண்ட்ஸ் போனீங்க. மருந்து ஒத்துக்குதாம்மான்னு கேட்டீங்க. ஒத்துக்குதுங்கன்னுச்சு. பச்சை."

ரூபாவதி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "சார், ஒத்துக்குதுங்கறது வேற. ஒத்துக்கறேங்கறது வேற."

"உங்களுக்கும் எனக்கும் வேற. பெட்டிக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சேர்ந்த புதிதில் இதே அறையில் உட்காரவைத்து இந்த மனுஷன் அவளைப் புகழ்ந்தார். "மருந்து ஒத்துக்குதான்னு எவ்வளவு வாஞ்சையாக் கேக்கறீங்க ரூபா. அதை மட்டும் விடாதீங்க. ஒவ்வொரு திங்கக்கிழமையும் கேளுங்க." அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று வீட்டுக்குப் போய்த் தம்பியிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

"இதை நான் அவங்ககிட்ட சொல்லப்போறேன்," என்றாள்.

"சொல்லுங்க." பரந்தாமன் விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பினார். "தம்பி முறை என்னைக்கு? வியாழக்கிழமையா? அந்தம்மா இல்லாம மோப்பம் வெறும் ஃபேன்தான், தெரியுமில்ல? சாப்பிட்டீங்களா? நல்லி இருக்கு, வைக்கச் சொல்லட்டுமா?"

ரூபாவதி கழிவறைக்கு ஓடிப்போய்க் குனிந்து நின்றாள். ஒன்றும் வரவில்லை. இந்த ஆளை நினைத்தால் குமட்டுகிறது, தன்னை நினைத்தால் அதைவிடக் குமட்டுகிறது, ஆனாலும் தொண்டைக்கு மேலே ஒன்றும் ஏற மாட்டேன் என்றது. வாயை மட்டும் கொப்பளித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் சித்தரஞ்சனுக்குக் கை விறைத்துக்கொண்டது. கஞ்சி டம்ளரைப் பிடித்த கை பிடித்தபடியே நின்றுவிட்டது, விரல்களைப் பிரிக்க முடியவில்லை. கஞ்சி சட்டையெல்லாம் வழிந்தது. ரூபாவதி வெந்நீர் ஒத்தடம் கொடுத்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

"அக்கா, வியாழக்கிழமை நிச்சயம்தானே?" என்று கேட்டான்.

"நிச்சயம்டா."

"எனக்கு என்னன்னு பேர் தெரிஞ்சாக்கூடப் போதும்க்கா. பேரு தெரியாமச் சாகறதுக்குத்தான் பயமா இருக்கு."

அவள் அவன் சட்டையைக் கழற்றித் துவைக்கப் போட்டாள். நியாயம் பேச ஆரம்பித்தால் மனசு எத்தனை சாமர்த்தியமாகப் பேசுகிறது! இவ்வளவு நாள் பொறுத்தவள் இன்னும் ஒரு வாரம் பொறுத்தால் என்ன, வியாழன் முடிந்ததும் சொல்லிவிடலாமே, இப்போதே சொன்னால் ஒரு உயிர் போகுமே, தம்பி இல்லாமல் வேறு யாராக இருந்தாலும் இதைத்தானே செய்வேன் என்றெல்லாம் சொல்லிக்கொண்டாள். கடைசிக் காரணம் மட்டும் சுத்தப் பொய் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை ரவுண்ட்ஸ் போனபோது மைனாவதி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். ரூபாவதி கூப்பிட்டதும் எழுந்து உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது.

"நேத்து நிலானி வந்தாளா?"

"வந்தாளுங்க." மைனாவதி முந்தானையைச் சுருட்டினாள், பிரித்தாள். "நர்சம்மா கதவத் தொறந்து டீ எடுத்துட்டு வந்தாங்களா, அந்த எடவெளில இவ உள்ள பூந்துட்டாளுங்க. ஓடியாந்து கழுத்தக் கட்டிக்கிட்டா. அம்மான்னு மூஞ்சியக் கொண்டாந்து என்ற மூஞ்சில வெச்சா. நான் மூச்சப் புடிச்சுத்தானுங்க இருந்தேன். எவ்வளவு நேரங்க புடிக்கறது? அவ தலை மேலயே எடுத்துட்டேனுங்க. வாந்தி. சீவிப் பூ வெச்ச தலைங்க."

ரூபாவதி கட்டிலில் கிடந்த போர்வையை மடித்து வைத்தாள்.

"அழுவும்னு நெனச்சேன். அழுவலீங்க. பரவால்லமா, குளிச்சுக்கறேன்னு சொல்லுதுங்க."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வியாழக்கிழமைக்கு இடையில் இருப்பது இரண்டே நாள்தான் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. ரூபாவதி ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் சரி செய்துகொண்டாள். கதவுக்கு மேலே பார்த்தாள்.

"மருந்து ஒத்துக்குதாம்மா?"

"ஒத்துக்குதுங்க. எரிச்சலெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

பச்சை விளக்கு எரிந்தது. நர்ஸ் சொட்டு பாட்டிலை எடுத்து ஆட்டினாள்.

வியாழக்கிழமை சித்தரஞ்சன் திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்தான். யார் உட்காருகிறார்கள் என்று மைனாவதிக்குச் சொல்லும் வழக்கமில்லை. குழாயில் காற்று வந்தது. வாந்தியெடுப்பதற்கு முன்னால் அவள் ஒரு தடவை தலையைத் திருப்பிக் கண்ணாடிப் பக்கம் பார்த்தாள். அப்புறம் வழக்கம்போலக் குனிந்து கொட்டினாள். மானிட்டரில் பெயர் வந்தது. கல்லீரலில் ஏதோ ஒரு நொதி சுரக்காத குறை, கோடியில் ஒருவருக்கு வருவது. மாதம் ஒரு ஊசி போட்டால் போதும், ஆயுசுக்கும் நன்றாக இருக்கலாம்.

ரூபாவதி கைதட்டவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். அது சந்தோஷ அழுகைதான். அதில் வேறு ஏதாவது கலந்திருந்தால் அதை அவள் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ரவுண்ட்ஸுக்கு முன்பே, "கொஞ்சம் காலாற நடக்கலாம் வாங்க" என்று மைனாவதியைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே பெட்டி கிடையாது. சொட்டு என்ன செய்கிறது, அந்த டீச்சர் எப்படிக் குணமானாள், ஒத்துக்குதுங்க என்ற வார்த்தையை வைத்து என்ன செய்தார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னாள்.  மைனாவதி மூக்கில் முந்தானையை அழுத்திக்கொண்டு, புல்லைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப எனக்கு வந்தது சும்மா விட்டிருந்தாலே போயிருக்குமுங்களா?"

"போயிருக்கும்."

"இந்நேரம் போயிருக்குமுங்களா?"

"எப்பவோ போயிருக்கும்."

மைனாவதி ஒரு புல்லைப் பிடுங்கி விரலில் சுற்றினாள். பிறகு, "எப்பங்க தெரியும் உங்களுக்கு?" என்றாள்.

"நேத்துத்தான் தெரியும்," என்றாள் ரூபாவதி.

"சரிங்க," என்றாள் மைனாவதி.

என்ன சொல்ல வேண்டும் என்று ரூபாவதி சொல்லிக்கொடுத்தாள். கேவலமான தந்திரம்தான், ஆனால் இந்த இடத்தில் வேறு எது எடுபடும்? பெட்டிக்குப் புரிகிற தமிழிலேயே பெட்டிக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு தடவை சிவப்பு எரிந்து சம்மதம் வாபஸ் என்று பதிவாகிவிட்டால், மருந்து வைத்திருக்கிற இழுப்பறை தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று பெட்டியோடு வந்த புத்தகத்தில் தேடிப் படித்திருந்தாள். பிறகு இயக்குநரே வந்தாலும் திறக்க முடியாது.

அறைக்குள் போனார்கள். அன்றைக்கென்று பரந்தாமன் டெல்லியிலிருந்து வந்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே நின்று, கையை ஆட்டி ஆட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார்.

"மருந்து ஒத்துக்குதாம்மா?"

"ஒத்துக்கலீங்க."

சிவப்பு எரிந்தது. வெளியே பரந்தாமனின் கை அந்தரத்தில் நின்றது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "சரியாக் கேக்கலை போல. ரூபா, இன்னொரு தடவை கேளுங்க. அம்மா, மூக்குல எரிச்சல் கிரிச்சல் ஒண்ணும் இல்லையே? மருந்து ஒத்துக்குதில்ல?"

மைனாவதி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "மருந்தும் ஒத்துக்கலீங்க. நானும் ஒத்துக்கலீங்க. ரெண்டுத்தையும் எழுதிக்கச் சொல்லுங்க உங்க பொட்டியை."

இழுப்பறை பூட்டிக்கொண்டது.

வராந்தாவில் பரந்தாமன் ரூபாவதியை வழிமறித்தார். கத்துவார் என்று நினைத்தாள். அவர் கத்தவில்லை. அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார். "வியாழக்கிழமை தம்பி வேலை முடிஞ்சுது. திங்கக்கிழமை நீங்க நல்லவங்க ஆயிட்டீங்க. ரொம்பச் சௌகரியமா இருக்கு ரூபா."

இந்த ஆள் வாயிலிருந்து ஒரு உண்மை வருகிறதே, அதுவும் இந்த உண்மை வருகிறதே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

வெளியே வரிசையில் ராஞ்சியிலிருந்து வந்த ஒரு தாய் இடுப்பில் பிள்ளையோடு நின்றிருந்தாள். பிள்ளையின் நகமெல்லாம் நீலமாக இருந்தது. தெரிந்த நாலு தமிழ் வார்த்தையில் தட்டுத் தடுமாறி, நாளைக்கு எங்கள் முறைதானே என்று கேட்டாள். ரூபாவதி தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். அந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று அவள் விசாரிக்கவேயில்லை. விசாரித்தால் பதில் கிடைத்துவிடுமே.

மையத்தை விட்டு விலகி, பொள்ளாச்சியில் ஒரு சின்ன கிளினிக்கில் சேர்ந்தாள். சித்தரஞ்சன் தேறிவிட்டான். மழைக்காலம் முடிவதற்குள் மைதானத்தில் விசில் ஊதுகிற அளவுக்கு உடம்பு வந்துவிட்டது. அவன் விசிலைக் கேட்கும்போதெல்லாம் ரூபாவதி தனக்குத்தானே, எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது என்று சொல்லிக்கொள்வாள்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காங்கயத்துக்குப் போனாள். மைனாவதியின் மூக்கு எந்த அளவுக்குத் தேறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தாள். "வாங்க" என்று ஒரு வார்த்தை மட்டும் பதிலாக வந்தது.

வீட்டுக்குள் நுழையும்போதே வெங்காயம் வதங்குகிற வாசம். அடுப்படியில் மைனாவதி கரண்டியோடு நின்றிருந்தாள். கன்னத்தில் சதை போட்டிருந்தது. இடுப்பில் நிலானி, ஆறு வயதுக்கு இடுப்பில் ஏறுகிற பிள்ளையை எங்கே பார்த்திருக்கிறோம்? இறக்கிவிட்டால் ஓடிப்போய்விடும் என்பதுபோல அவளை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் கிண்டிக்கொண்டிருந்தாள். குனிந்து பிள்ளையின் கழுத்தில் மூக்கை வைத்து உறிஞ்சினாள். பிள்ளை கூச்சத்தில் நெளிந்து சிரித்தது. அதைப் பார்த்ததும் ரூபாவதிக்கு வயிறு நிறைந்துவிட்டது.

மைனாவதி அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளையை விளையாட அனுப்பிவிட்டு, வந்து எதிரில் உட்கார்ந்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. அந்தச் சீமையில் வழி தப்பி வந்தவனுக்கும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் யாரென்று கேட்பார்கள். மறந்திருப்பாள் என்று ரூபாவதி நினைத்துக்கொண்டாள்.

பையிலிருந்து சின்னச் சின்ன பாட்டில்களை எடுத்தாள். மைனாவதி கண்ணை மூடி மோந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். கிராம்பு. கற்பூரம். பெருங்காயம். காப்பித்தூள். மண்ணெண்ணெய். நல்லெண்ணெய், அதுவும் பழசு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"முழுக்கச் சரியாயிடுச்சு மைனாவதி," என்று ரூபாவதி பூரித்துப்போனாள். "எங்க, மூக்கைக் காட்டுங்க, உள்ள ஒரு தடவை பாத்துடறேன்." டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

மைனாவதி சட்டென்று பின்னால் நகர்ந்தாள். முந்தானை மூக்குக்குப் போயிற்று. தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. மையத்தில் ரூபாவதி நூறு தடவை பார்த்த அதே ஓங்கரிப்பு.

ரூபாவதிக்குப் பகீரென்றது. "என்னாச்சு? இன்னும் மனுஷ வாசம் தப்பா வருதா? என் மேல என்ன வாசம் வருது, சொல்லுங்க."

"பவுடர் வாசந்தானுங்க வருது. மூக்குக்கு ஒண்ணும் இல்லீங்க."

"பின்ன?"

மைனாவதி முந்தானையை எடுக்காமலே பேசினாள். "ஒரு வியாழக்கெழம ஒருத்தரு வந்தாருங்களே, அவரு உங்க கூடப்பொறந்தவருங்களா? ஒடம்புல வர்ற வாசம் உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணாவே இருந்துதுங்க. சீக்கு வாசத்துக்கு அடியில."

ரூபாவதி டார்ச்சை அணைத்தாள்.

"அதுக்கு முந்துன திங்கக்கெழம மருந்து ஒத்துக்குதான்னு கேட்டீங்க. எப்பவும் என்ற மூஞ்சியப் பாத்துத்தானுங்க கேப்பீங்க. அன்னிக்குக் கதவுக்கு மேல பாத்துக் கேட்டீங்க. அங்க என்னடா இருக்குதுன்னு அன்னிக்கு எனக்குத் தெரியல. தோட்டத்துல நீங்க சொன்னப்பத்தான் தெரிஞ்சுது. நேத்துத்தான் தெரியும்னு வேற சொன்னீங்க."

சொல்வதற்கு ரூபாவதியிடம் எத்தனையோ இருந்தது. விறைத்த விரல்கள், கஞ்சி வழிந்த சட்டை, பேர் தெரியாமல் சாகப் பயந்த தம்பி. எதையும் எடுக்க முடியவில்லை. வாந்தி நனைத்த ஒரு பிள்ளையின் தலை அதற்கெல்லாம் முன்னால் வந்து நின்றது.

"தம்பி நல்லா இருக்காருங்களா?" என்றாள் மைனாவதி.

"இருக்கான்."

"இருக்கட்டுங்க. உங்க எடத்துல நான் இருந்திருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பனோ என்னமோ, தெரியலீங்க. உங்க மேல கோவமெல்லாம் இல்லீங்க. நீங்கதானே வெளிய கொண்டாந்து உட்டீங்க." அவள் தொண்டை மறுபடி ஏறி இறங்கியது. "ஆனா கிட்ட வந்தீங்கன்னா வவுறு பொரட்டுதுங்க. அடக்கித்தான் பாக்கறேன், முடியலீங்க."

ரூபாவதி பாட்டில்களை மூடிப் பையில் வைத்தாள். ஒரு மூடி பொருந்தாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அதை அப்படியே போட்டுக்கொண்டு எழுந்தாள். போய்வருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மைனாவதியும் போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை.

தெருவில் இறங்கிப் பத்தடி போனவள் திரும்பிப் பார்த்தாள். மைனாவதி வாசலில் வந்து நின்றிருந்தாள். மூக்கிலிருந்த முந்தானையை எடுத்துவிட்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.